துறைமுகம் கடந்த வல்லிசை

கடல் கடந்து வரும் பொருள்களுட் சில சுங்கச்சாவடியிற் கணக்கெழுதப்படுவன. சில எவ்வேட்டிலும் இடம்பெறாது ஊருக்குட் புகுவன. இசை பின்னைய வகையைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையைச் சார்ந்த ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினரிடம் வயலின் வாசிக்கக் கற்றவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர். அக்கருவி அந்நியர் கையிலிருந்து வந்ததென்பதை இன்று நினைப்பாரும் இலர். வயலின் இல்லாத கருநாடக இசையரங்கே அரிது. ஆர்மோனியத்தின் கதை சற்று வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டில் உருப்பெற்ற அக்கருவியை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் விலக்கிவைத்து, 1971ஆம் ஆண்டு வரை அவ்விலக்கைத் தளர்த்தாதிருந்தது. ஆயினும் அக்காலம் முழுவதும் நாடகக் கொட்டகையிலும் பசனை மடத்திலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டேயிருந்தது. எவ்விசை தமக்குரியது, எது பிறர்க்குரியது என்பதைக் கட்டளைகள் முடிவுசெய்வதில்லை. வாசிப்போர் கைகளும் கேட்போர் செவிகளுமே முடிவுசெய்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டிற் பிறந்து உலகெங்கும் பரவிய இசைவகையொன்று உண்டு. அதனை மெற்றல் என்பர். அதனுள்ளும் வேகத்தாலும் கடுமையாலும் எல்லையைத் தொட்டு நிற்பனவற்றைத் தீவிர மெற்றல் என வேறுபிரித்துரைப்பர். ஈண்டு வல்லிசை எனச் சுட்டப்படுவது அதுவே. இளைஞர் அறையிலிருந்து இவ்வோசை எழும்போது பெற்றோர் கதவைத் தட்டுகின்றனர். ஆசிரியர் சிலர் இது கேட்டிற்கு வழி என எச்சரிக்கின்றனர். இவ்விசை எவ்வாறு கண்டறியப்பட்டது, யார் யார் கைகளினூடாக மாறிச் சென்றது, தமிழரிடம் வந்தபோது அஃது எவ்வுருப் பெற்றது என்பனவற்றை அறிந்தபின்னரே அவ்வெச்சரிக்கையின் தகுதியை எடைபோடல் முறையாகும்.

திருகோணமலை வாசகர்க்கு இக்கதையின் பிற்பகுதி நடைபெறும் சிங்கப்பூர் முற்றிலும் அயலூரன்று. இரண்டும் பிரித்தானியக் கடற்படையின் உடன்பிறந்த துறைமுகங்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே சீனன்குடாவில் எழுப்பப்பட்ட எண்ணெய்க் குதங்கள், கீழ்த்திசைக் கடல்களிற் செல்லும் கப்பல்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு மாதம் நிறையுமுன், ஏப்ரல் 9ஆந் திகதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு வீசின. போரின் பின் இரண்டின் ஊழும் பிரிந்தது. 1957இல் திருகோணமலைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. சிங்கப்பூரிலோ 1971 வரை பிரித்தானியர் தங்கினர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையினராய்த் தொழில்செய்து, அங்கேயே குடும்பங்களாயினர். அந்நகரத்துத் தமிழ்த் தலைமுறையொன்றின் செயலே இக்கட்டுரையின் முடிபொருள். அதற்குமுன் மூலத்தைச் சிறிது காண்போம்.

இவ்விசையின் பிறப்பிடம் இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்காம். அங்கு உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த ரொனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர், 1965இல் எந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவராதலின், கித்தார் நரம்புகளை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக்குப் போத்தலை உருக்கி விரற்கவசம் செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய நரம்புகளைப் பூட்டி அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளின் பின் நரம்புகளின் சுருதியைத் தாழ்த்திக் கட்டினார். தளர்ந்த நரம்பு ஊனமுற்ற விரலுக்கு எளிது. அதனால் ஒலி முன்னிலும் ஆழ்ந்து கனத்தது. அவர் இடம்பெற்ற பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி வெளிவந்தது. பின்வந்த மெற்றல் குழுக்கள் பலவும் கையாளும் தாழ்சுருதி மரபு, ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து தொடங்கியது என்பது சிந்தித்தற்குரியது.

அவ்விசைத்தட்டின் முதற் பாடல், ஆதார சுரத்திலிருந்து ஆறு அரைச்சுரம் விலகி நிற்கும் இடைவெளியை அடிப்படையாகக் கொண்டது. மேனாட்டு இசைநூலார் இவ்விடைவெளியை ‘இசையுட் சாத்தான்’ என வழங்கினர். திருச்சபை அதனைத் தடைசெய்தது என்று கூறுவது கதையேயன்றி வரலாறன்று. எனினும் அது கேட்போர்க்கு அச்சம் விளைப்பதென்ற எண்ணம் மேனாட்டில் வேரூன்றியிருந்தது. நம்மவர்க்கு இதிற் புதுமை யாது? ஷட்ஜத்திலிருந்து ஆறாம் அரைச்சுரத்தில் நிற்பது பிரதி மத்திமம். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுட் பிற்பாதியாகிய முப்பத்தாறும் அதனைக் கொண்டவை. மாலை வேளையிலே கல்யாணி இராகத்தைக் கேட்டு மனங் குளிர்வோர், அதே சுரத்தானத்தை ஐரோப்பியர் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்துவிட்டனர் என அறிந்தால் நகைப்பர். சுரம் நன்மையுமன்று, தீமையுமன்று. அது வைக்கப்படும் இடமே பொருளைத் தருகின்றது.

பேரொலியும் அவ்வாறே. நாதசுரமும் தவிலும் வெளியிடத்தில் ஒலிக்கப் பிறந்தவை. மெல்லிசையாதல் அவற்றின் நோக்கமன்று. திருமாங்கலிய தாரணத்தின்போது கெட்டிமேளம் கொட்டுவிப்பது, அமங்கலச் சொல்லோ ஓசையோ செவியிற் படாதவாறு ஒலியாற் சுவர் எழுப்புதற்கே. ஒலியின் மிகுதி ஒன்றையே குறையாகக் கூறி ஓர் இசையைத் தள்ளும் உரிமை நம் மரபினர்க்கு இல்லையெனலாம்.

1980களில் மெற்றல் பல கிளைகளாகப் பிரிந்தது. அக்கிளைப் பெயர்கள் இன்று கேட்போரை மலைக்கச் செய்யும். அவை அறிஞர் வகுத்தனவல்ல. இசைத்தட்டுகளின் தலைப்பிலிருந்தும் ஒலிநாடாக்களின் முகப்பிலிருந்தும் கிளைத்தவை. நியூகாசில் நகரத்து வெனம் குழு 1982இல் தன் இசைத்தட்டொன்றுக்குப் ‘பிளாக் மெற்றல்’ எனப் பெயரிட்டது; பின் அது தனி வகையின் பெயராயிற்று. கலிபோர்ணியாவின் பொசெஸ்ட் குழு 1984இல் ‘டெத் மெற்றல்’ என்னும் தலைப்பில் மாதிரி ஒலிநாடா ஒன்றை வெளியிட்டது. சுவீடனின் கேண்டில்மாஸ் குழுவினரின் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டுத் தலைப்பு ‘டூம்’ என்னும் சொல்லை நிலைநிறுத்த உதவியது. பெயர்கள் பல்கினமைக்குக் காரணம் எளிது. முகமறியாத ஒருவர்க்குக் கடிதம் எழுதி ஒலிநாடா கேட்பவர், தமக்கு வேண்டியது எத்தகையது என்பதை ஓரிரு சொற்களிற் குறிக்கவேண்டியிருந்தது. வேகமாய் வெட்டிச் செல்வது திராஷ். சுருதி தாழ்ந்து, குரல் உறுமலாய், தாளம் அடிக்கடி திரும்புவது டெத். குளிர்காற்றுப் போல் கித்தார் இரைய அலறுங் குரல் எழுவது பிளாக். இறுதி ஊர்வலம் போல் மந்தகதியில் நகர்வது டூம். கிரைண்ட்கோர் என்பதோ எல்லாவற்றையும் நொடிகளிற் சுருக்கி முடிப்பது. பர்மிங்காமின் நேபாம் டெத் குழு 1987இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 28 பாடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஒன்றரைச் செக்கனையும் எட்டாதது. குறளினுங் குறுகிய அப்பாடல் உலகின் மிகக் குறுகிய பாடலென கின்னஸ் ஏட்டிற் பதிவாயிற்று.

உறுமற் குரலைப் பற்றி ஒரு சொல். அது வெறுங் கத்தலன்று. குரல்நாண்களுக்கு மேலுள்ள பொய்க் குரல்நாண்களை அதிரச்செய்து, வயிற்று மூச்சால் தாங்கி எழுப்பப்படும் ஒலி அது. முறையறியாது முயல்வார் சின்னாளிற் குரலிழப்பர். பாடற்பொருள் செவிக்கு விளங்காது. அச்சிட்ட தாளைப் பார்த்தே அறிதல் வேண்டும். கோயிலில் வேதபாராயணம் கேட்போருட் பெரும்பாலார் நிலையும் இதுவே எனக் குறும்பாகக் கூறுவாரும் உளர்.

இனி இவ்விசை பரவிய வழியை நோக்குவாம். இவ்வரலாற்றின் வளமான பகுதி இதுவே. வானொலி நிலையங்கள் இதனைப் பெரும்பாலும் தொடவில்லை. பி.பி.சி.யின் ஜோன் பீல் நேபாம் டெத் போன்றோரை ஒலிபரப்பியது அரிய விதிவிலக்கு. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும் தொடக்கத்தில் ஒதுங்கியே நின்றன. எனவே கேட்போரே பரப்புவோராயினர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த சிறு கசெற் நாடா அவர்களுக்குக் கருவியாயிற்று. இசைத்தட்டை வீட்டில் அச்சிட முடியாது. நாடாவையோ இரண்டு பெட்டிகள் இருந்தால் எவரும் படியெடுக்கலாம். தொண்ணூறு நிமிட நாடாவின் பக்கமொன்றில் இசைத்தட்டு ஒன்று முழுமையாக அடங்கும்.

முறை இதுவாகும். ஒருவர் தம்மிடமுள்ள நாடாக்களின் பட்டியலைத் தட்டச்சில் அடித்து வைத்திருப்பார். முகவரி, சிற்றேடுகளிலிருந்து கிடைக்கும். அவை இளைஞர் ஒருவரோ இருவரோ எழுதி, படம் ஒட்டி, ஒளிப்படி எடுத்துத் தைத்த இதழ்கள். நோர்வேயிலிருந்து 1985 முதல் வெளிவந்த ‘ஸ்லேயர்’ அத்தகையது. பட்டியலைப் பெற்றவர் தம் பட்டியலை அனுப்புவார். நாடாவுக்கு நாடா மாற்று. பணம் பெரும்பாலும் இடையில் வாராது. கடித உறையினுள் சிறு துண்டு அறிவித்தல்கள் பல மடித்து வைக்கப்படும். பெற்றவர் அவற்றைத் தாம் எழுதும் அடுத்த கடிதங்களில் இட்டு அனுப்புவார். இவ்வாறு ஒரு குழுவின் பெயர், அக்குழுவினர் அறியாத நாடுகளுக்கெல்லாம் அவர்கள் செலவின்றியே சென்றது. தபாற்கட்டணம் மாணவர்க்குப் பெருஞ்சுமை. எனவே முத்திரையின் மேல் பசையோ சவர்க்காரமோ தடவி அனுப்புவர். பெற்றவர் அழிப்பு மையைக் கழுவி, அம்முத்திரைகளைத் திருப்பி அனுப்புவார். தபாற் பகுதியினர் இதனை எவ்வாறு கருதியிருப்பர் என்பது சொல்லவேண்டியதன்று.

இம்முறையின் வலிமைக்கு ஒரு சான்று போதும். மெற்றாலிக்கா குழு 1982இல் ஏழு பாடல்கள் கொண்ட மாதிரி நாடா ஒன்றைப் பதிவுசெய்தது. கலிபோர்ணியாவிலிருந்து கைமாறிக் கைமாறிச் சென்ற அந்நாடா, மூவாயிரம் மைலுக்கு அப்பால் நியூ ஜேர்சியில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஜோன் சசூலா என்பாரின் செவிக்கெட்டியது. அவர் அக்குழுவினரை வரவழைத்து, தாமே ஒரு நிறுவனந் தொடங்கி, 1983இல் அவர்களின் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். புளோரிடாவில் பதின்பருவத்தினராயிருந்த சக் சுல்டினரின் டெத் குழு 1987இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, அதன் மாதிரி நாடாக்கள் மூன்றாண்டுகளாக உலகைச் சுற்றிவந்திருந்தன.

படியெடுக்கப் படியெடுக்க நாடாவின் இரைச்சல் மிகும். ஐந்தாறு கை மாறிய நாடாவில் இசையும் இரைச்சலும் பிரித்தறிய இயலா. இவ்விடத்தில் வேதம் பயின்றோர்க்கு ஓர் ஒப்பீடு தோன்றாதிராது. பதம், கிரமம், சடை, கனம் எனச் சொற்களை முன்னும் பின்னும் மாற்றி ஓதும் முறைகளால், ஓர் எழுத்தும் பிறழாமல் வேதம் வாய்வழியே கையளிக்கப்பட்டது. நாடா மரபிலோ ஒவ்வொரு கையளிப்பிலும் இழப்பு உண்டு. ஆயின் அவ்விழப்பே சிலர்க்குச் சுவையாயிற்று. தேய்ந்த நாடாவிற் கேட்ட கரகரப்பை இசையின் பகுதியாகவே கொண்டு, வேண்டுமென்றே மங்கலான ஒலிப்பதிவை நாடியவர் நோர்வேயின் பிளாக் மெற்றல் குழுவினர்.

அந்நோர்வேக் குழுவினரைப் பற்றிக் கூறாது விடின் வரலாறு பொய்யாகும். 1992ஆம் ஆண்டு யூன் மாதம் பேர்கன் நகருக்கருகிலுள்ள பான்ரொப்ற் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது; தொடர்ந்து வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. 1993இல் அவ்வட்டத்தின் முதன்மையாளர் ஒருவர் மற்றொரு குழுவினராற் கொலையுண்டார். கொலையாளி மறு ஆண்டில் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அக்கல்லாற் கோட்டை கட்டிய ஊரிலிருந்து இதனை நோக்குவார்க்கு, வழிபாட்டிடத்தை அழித்தலைக் கலைஞரின் எதிர்ப்புணர்வு எனப் பூசி மெழுக மனம் வாராது. அது குற்றமே. எனினும் சில பத்து இளைஞரின் குற்றத்தை அவ்விசை கேட்பார் எல்லார் தலையிலும் சுமத்துதலும் நேர்மையன்று. 2001இல் மலேசியாவில் பிளாக் மெற்றல் கேட்கும் மாணவர் தேடிப் பரிசோதிக்கப்பட்டமை அத்தகைய மிகைச்செயல்.

நோர்வேக்காரர் தம் ஊரின் பழைய கோயில்களை எரித்த அதே பத்தாண்டில், பிரேசில் நாட்டினர் வேறு வழி கண்டனர். பெலோ ஒரிசோந்தே நகரத்தில் 1984இல் தோன்றிய செபுல்துரா குழு, தொடக்கத்தில் வடநாட்டாரை அப்படியே பின்பற்றியது. 1996இல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ இசைத்தட்டுக்கோ அவர்கள் தம் நாட்டுச் சவாந்தே பழங்குடியினரிடஞ் சென்று, அவர்களோடு சேர்ந்து பாடிப் பதிவுசெய்தனர். பெற்றதைத் திருப்பிச் சொல்லாது, தம்முடையதையும் சேர்த்துக் கொடுத்தமையே அவர்களை வரலாற்றில் நிறுத்தியது.

ஈழத்துத் தமிழ்ப் பகுதிகள் இக்கொடுக்கல் வாங்கலில் ஏன் இடம்பெறவில்லை என்ற வினா எழும். நாடா படியெடுக்கும் வழக்கம் இங்கு இல்லாமலில்லை. எங்கள் நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ எனப் பெயர்பெற்ற கடைகள் இருந்தன. வெறும் நாடாவையும் பாடற்பட்டியலையும் கொடுத்தால், சில நாளில் இளையராசாவின் பாடல்கள் வரிசைப்படி பதிந்து கிடைக்கும். கருவி ஒன்றே, செய்கையும் ஒன்றே. ஆயின் 1983 முதல் 2009 வரை நீண்ட போர், வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தை நிச்சயமற்றதாக்கியது. வடக்கிற்கு மின்கலம் செல்லுதல் தடுக்கப்பட்டபோது, மக்கள் மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டனர். சோதனைச்சாவடியில் பை கிளறப்படும் காலத்தில், மண்டையோடு வரைந்த உறையும் விளங்காப் பெயரும் கொண்ட நாடாவை எவர் துணிந்து கொண்டுசெல்வர்? 1980களில் திருகோணமலைக் கரையோரத்தில் யேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் எழுந்து, ஆசியாவெங்கும் ஒலி பரப்பியது; அதன் கோபுரங்களின் நிழலில் வாழ்ந்தவர்க்கோ ஊரடங்குச் சட்டம். உலகுக்கு ஒலியனுப்பும் ஊர், உலகத்தோடு கடிதம் பரிமாற இயலாதிருந்தது.

கொழும்பின் நிலை வேறு. அங்கு 1990களிலிருந்து மெற்றல் குழுக்கள் எழுந்தன. ஸ்ரிக்மாற்றா குழு 2003இல் ‘ஹொலோ டிரீம்ஸ்’ என்ற முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பின்னாளில் தோன்றிய ஜெனோசைட் சிரைன்ஸ் குழு 2015இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலே ‘மணிபூர’ என்னுஞ் சொல் இடம்பெறுகின்றது. ஆறு ஆதாரங்களைத் திருமந்திரத்திற் கற்றவர்க்கு அச்சொல் புதிதன்று. அதனை அக்குழுவினர் வைத்த இடமோ மிக இருண்டது. தமிழர் சமயப் பொருளை இவ்விசையினுள் முதற்கண் ஆழ்ந்து எண்ணி வைத்தவரைக் காணச் சிங்கப்பூருக்கே செல்லல் வேண்டும்.

சிங்கப்பூரில் 1980களின் பிற்பகுதியிலேயே அப்ஹோரர் போன்ற குழுக்கள் தோன்றி, தம் மாதிரி நாடாக்களை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பின. ஒழுங்குக்குப் பெயர்போன அந்நகரத்தில் இவ்விசைக்கு இடர் இல்லாமலில்லை. நிகழ்ச்சிகளில் இளைஞர் ஒருவரையொருவர் மோதியாடும் ஆட்டத்தை 1990களின் முற்பகுதியில் அரசு தடைசெய்தது. இச்சூழலில் 1992இல் தமிழ் இளைஞர் சிலர் கூடி உருத்திரா என்னுங் குழுவைத் தொடங்கினர். கதிர் பாடிக்கொண்டே தாழ்கித்தார் வாசித்தார். சிவா தாளக்கருவிகளை இயக்கினார். இடையிற் கலைந்து மீண்டுங் கூடி, 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தட்டை வெளியிட்டனர்.

பெயர்த் தேர்வு நோக்கத்தக்கது. ‘ருத்’ என்னும் வேர்ச்சொல்லுக்கு அழுதல், அலறுதல் எனப் பொருள் கூறுவர். அலறுபவன், அலறச்செய்பவன் என்றெல்லாம் உரைகாரர் உருத்திரன் பெயருக்குப் பொருள் விரிப்பர். யசுர் வேதத்தின் நடுவே அமைந்த திருவுருத்திரமோ அவனது சினத்தை முதலில் வணங்கி, பின்னரே அருளை வேண்டுகின்றது. உறுமற்குரலைக் கொண்ட ஓர் இசைக்குச் சைவ மரபில் இதனினும் பொருந்திய பெயர் தேடுதல் அரிது. மேனாட்டுக் குழுவினர் சாத்தானை நாடியது கிறித்தவத்தோடு தமக்கிருந்த பிணக்கால். தமிழ் இளைஞர்க்கு அப்பிணக்கு இரவற்பொருள். சுடலையில் ஆடுபவனும் மண்டையோடு ஏந்துபவனும் தம் கோயிலிலேயே இருக்க, அயலார் பூதத்தைக் கடன்கொள்ள அவர்க்குத் தேவை என்ன?

தம் இசையை அவர்கள் ‘வேதிக் மெற்றல்’ என வழங்கினர். 2001இல் வெளியிட்ட இரண்டாம் இசைத்தட்டின் தலைப்பிலுள்ள ‘ஆரிய’ என்னுஞ் சொல்லை மேன்மைப்பொருளில் அவர்கள் கொண்டனர் எனினும், அது நற்றேர்வெனக் கூற இயலாது. ஐரோப்பியர் செவியில் அது நாசிகளை நினைவூட்டும். தமிழர் செவியிலோ அரைநூற்றாண்டு அரசியற் பூசலை எழுப்பும். 2003இல் ‘குருசேத்திரம்’ வந்தது. பின் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரமவித்தியா’ என்னும் பொதுத்தலைப்பில் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. உபநிடதக் கருத்துகளை டெத் மெற்றலின் வேகத்தில் வைத்து, ஆங்கிலத்தோடு வடமொழிச் சுலோகங்களையும் கலந்து பாடுவது இவற்றின் இயல்பு. இது வெறும் ஒப்பனையன்று என்பதற்கு, கதிர் வேதாந்த நூல்களை முறையாகப் பயின்றவர் என்பது சான்று. சிங்கப்பூர் இசையாய்வாளர் இயுஜின் டைரியநாதன், அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலை ஆராய்ந்தபோது இக்குழுவையே பொருளாகக் கொண்டார்.

இவ்வரலாற்றிற் சிக்கலான இடம் இதுவே. கோயிற் பெரியோர் கண்ணுக்கு மந்திரத்தை இரைச்சலில் இடுவது அபசாரம். மெற்றல் கேட்போருள் ஒருசாரார்க்குச் சமயப் பற்றே இவ்விசைக்குப் பகை. சிங்கப்பூர்த் தமிழரிற் சிறுபான்மையினர், அச்சிறுபான்மையினுள்ளும் மிகச் சிலர் எனும் நிலையில் நின்று, இரு சாராரையும் இழந்துவிடும் இடரை அவர்கள் ஏற்றனர். எளிய வழி திறந்தே இருந்தது: அமெரிக்கர் பாடுவதையே பாடியிருக்கலாம், நாடா மாற்றும் வட்டத்தில் எவரும் குறைகூறியிரார். பாலுசுவாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளையே வாசித்துக்கொண்டிருந்தால் வயலினும் கோட்டைக்குள்ளேயே நின்றிருக்கும்.

அவர்கள் மீது தமிழார்வலர்க்கு ஒரு குறை உண்டு. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலுமே அமைந்தன. காரைக்காலம்மையாரின் பேய்க்காட்டுப் பதிகங்கள் இவ்விசைக்கென்றே பிறந்தனவோ என எண்ணத்தக்கவை. அவ்வம்மையாரைத் தமிழ் இளைஞர் நாடாது கங்கைக்கரைக்குச் சென்றமை வருத்தந் தருவதே. பிறமொழி பேசும் கேட்போர்க்கு வடமொழி பழைமையின் அடையாளமாய் எளிதிற் புலப்படும் என்பது காரணமாயிருக்கலாம். திருமுறையோ தமிழறிந்தார்க்கன்றிப் பொருள் தராது.

2016இல் உருத்திரா வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பு ‘இருமையின் பகைவன்’ எனப் பொருள்படும். ஈண்டுச் சைவ சித்தாந்தி ஒருவர் குறுக்கிட்டு வினவாதிரார். இருமைக்குப் பகை எனின், உயிரும் இறைவனும் ஒன்றென முடியும்; மெய்கண்டார் உரைத்த அத்துவிதமோ ஒன்றாதலையன்றி, வேறாயும் உடனாயும் நிற்றலையும் கூறுவது. சிவனின் பெயரைக் குழுவுக்குச் சூட்டியவர், சங்கரர் பக்கம் நிற்பது முறையாகுமா? சிவஞான முனிவர் காலத்தில் ஏட்டிலும் மடத்திலும் நடந்த வாதம் இது. இன்று சிங்கப்பூர்க் குழுவொன்றின் இசைத்தட்டு அதனை மீண்டும் எழுப்புகின்றது. அதற்கு மறுப்பிசை எழுதச் சித்தாந்தம் பயின்ற இளைஞர் ஒருவர் முன்வருவாராயின், அவர்க்கு வேண்டிய கித்தாரும் ஒலிப்பெருக்கியும் இன்று திருகோணமலைக்கு வரத் தடையில்லை.